மரம் எத்தனை நாள் தண்ணீர் குடிக்கும்

ரோஸ்லின் டீச்சர் இரண்டாம் வகுப்புக்கு அந்தப் பாடத்தை எடுக்க ஆரம்பித்த வாரத்தில் என் அடுக்களைச் சாமான் ஒன்றுகூட அதனதன் இடத்தில் இருக்கவில்லை. முதலில் பெரிய அலுமினியச் சருவம் போயிற்று. பின்னாலேயே இரும்புக் கரண்டி, சிரட்டை அகப்பை, மண்சட்டி மூடி, கைப்பிடித் துணி, ஒரு பிடி உப்பு. நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷமாகக் கஞ்சியும் பயறும் வைக்கிறவள். எத்தனையோ டீச்சர்மார் வந்தார்கள், போனார்கள். பாடம் நடத்த என் அகப்பையைக் கேட்டு வந்தது இந்த மலைக்காரப் பெண் ஒருத்திதான்.

கட்டப்பனைப் பக்கம் ஏலத்தோட்டத்து ஊர் அவருக்கு. தண்ணீரைக் குடத்திலும் குழாயிலும் மட்டும் பார்த்து வளர்ந்தவர். ஆளை அக்கரை சேர்க்கிற கடத்து வள்ளத்தில் ஏறினால் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். காயலும் வாய்க்காலும் வயலும் கலந்து கிடக்கிற எங்கள் குட்டநாட்டுக்கு இந்தப் பெண்ணை மாற்றல் போட்டவன் எவனோ, அவன் தலையில் இடி விழட்டும் என்று முதல் மாதம் நினைத்தேன். பிறகு அவர் பிள்ளைகளோடு இருக்கிற இருப்பைப் பார்த்துவிட்டு அந்தச் சாபத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

பாடம் இதுதான். நம்மைச் சுற்றி இருக்கிற சாமான் எதனால் ஆனது, அதன் குணம் என்ன. தண்ணீரை உறிஞ்சுமா, வழியவிடுமா. மிதக்குமா, தாழுமா. வளையுமா, உடையுமா. புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. டீச்சர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வீட்டிலிருந்து ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொன்னார். வந்தது பாருங்கள் ஒரு சந்தை. செங்கல் துண்டு, கிழிந்த குடைச்சீலை, கமுகம்பாளை, கக்கைச் சிப்பி, அப்பனுடைய பீடிக்கட்டுத் தாள், சோப்பு, உயிருள்ள ஒரு தாரா வாத்துக்குஞ்சு. தாராவின் இறகில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுவதை எங்கள் ஊரில் பார்க்காத பிள்ளை இல்லை. உதிர்ந்த இறகு ஒன்றைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நனைத்தால் அது துணி மாதிரி நனைந்து தொங்கும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். வயசு ஐம்பத்திரண்டு.

புதன்கிழமை முட்டை நாள். டீச்சர் ஒரு முட்டையைச் சருவத்துத் தண்ணீரில் இட்டார், தாழ்ந்தது. இன்னொன்றை இட்டார், மிதந்தது. மிதந்ததை உடைத்ததும் வகுப்பே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது. அப்புறம் மிச்ச முட்டை அத்தனையையும் தண்ணீரில் இட்டுப் பார்த்துத்தான் என்னைச் சமைக்கவிட்டார்கள். ஐந்து கெட்டது. முட்டைக்காரனிடம் அன்று நான் கேட்டதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் மரம். டீச்சர் ஒரு பலகைத் துண்டைக் காட்டி, இது மிதக்குமா தாழுமா என்று கேட்டார். எல்லாப் பிள்ளைகளும் மிதக்கும் என்றார்கள். அம்பிளி மட்டும் தாழும் என்றாள். வள்ளக்காரன் வாசவனின் மகள், ஏழு வயசு, இரட்டைப் பின்னல். பலகையைத் தண்ணீரில் போட்டார், மிதந்தது. அம்பிளி அசையவில்லை. இப்போதுதானே போட்டீர்கள், மரம் மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும், வயிறு நிறைந்த பிறகுதான் தாழும், எங்கள் வள்ளம் அப்படித்தான் தாழ்ந்தது என்று டீச்சருக்கே பாடம் எடுத்தாள். யார் சொன்னது என்று கேட்டதற்கு, அச்சன் சொன்னார் என்றாள். டீச்சர் சிரித்துக்கொண்டே அவள் நோட்டில் தப்பு என்று குறி போட்டார்.

பக்கத்தில் இருந்த ஷீபா சும்மா இருந்திருக்கலாம்.

"உங்கச்சன் கல்லு வச்சுத் தாழ்த்தினதாக்கும். ஊருக்கே தெரியும்."

அடுத்த நொடி ஷீபாவின் புறங்கை அம்பிளியின் வாய்க்குள் இருந்தது. அலறல் கேட்டு அடுப்பை விட்டு ஓடிப்போய் நான்தான் பிரித்தேன். கடித்த பெண் அழவில்லை. எங்கச்சன் பொய் சொல்ல மாட்டார் என்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மத்தியானம் அரிசிச் சாக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, என் பயற்றையும் வேண்டாம் என்றுவிட்டாள். என் பயற்றை வேண்டாம் என்று சொன்ன பிள்ளை இதுவரை கிடையாது.

பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகு டீச்சர் அடுக்களைக்கு வந்து, என்ன விஷயம் என்று என்னைக் கேட்டார். சொன்னேன்.

எங்கள் ஊரில் வேலை இல்லாத வள்ளத்தைக் கரையேற்றிப் போட்டால் வெயில் பலகையைப் பிளந்துவிடும். அதனால் சேறும் இரண்டு கல்லும் வைத்து வாய்க்காலிலேயே தாழ்த்தி வைப்பது வழக்கம். வேண்டும்போது எடுத்துக் கழுவினால் மரம் கெட்டியாக அப்படியே இருக்கும். மலைக்காரிக்கு அது தெரியாததில் ஆச்சரியம் இல்லை. அம்பிளிக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம், வாசவனின் வள்ளம் வருஷம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த வள்ளம். அவள் பிறந்து ஒரு தடவைகூட அதைத் தாழ்த்தியதில்லை.

போன ஐப்பசியில் வாசவனும் அவன் மச்சினன் பிரசன்னனும் வைக்கோல் ஏற்றிக்கொண்டு காயலைக் கடந்தார்கள். பிரசன்னன் என்றால் வாசவன் பெண்டாட்டி சுதர்மாவின் ஒரே தம்பி. இருபத்துமூன்று வயசு. இடிமழைக்கு முன்னால் வருகிற காற்று வைக்கோல் போரில் மோதி வள்ளத்தைச் சாய்த்துவிட்டது. நீந்தத் தெரியாத ஆள் இங்கே யாரும் இல்லை. ஆனால் விழும்போது பிரசன்னன் தலை காயலோரத்து வரப்புக் கல்லில் அடித்துவிட்டது. வாசவன் பொழுது சாயும்வரை முங்கி முங்கித் தேடி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பதினாறு முடிந்த மறுநாள் பழைய வரப்பிலிருந்து கல் சுமந்து கொண்டுவந்து, வீட்டு முன்னாலேயே வள்ளத்தைத் தாழ்த்தினான். இரண்டு கல் வைக்க வேண்டிய இடத்தில் சுவர் கட்டுகிறவன் மாதிரி அடுக்கினான். நான் எதிரே என் வீட்டுப் படியில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு அவன் எந்த வள்ளத்திலும் கால் வைக்கவில்லை. அக்கரை வயலுக்குக் கூலிக்குப் போக வேண்டுமென்றால் வரப்பு வழியாக ஒன்றரை மணி நேரம் சுற்றி நடந்தான்.

அம்பிளி அப்போது அத்தை வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தவள், வள்ளம் ஏன் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது என்று கேட்டாள். அவன் என்ன சொல்வான் பாவம். மரம் தண்ணீர் குடித்துத் தானாகத் தாழ்ந்துவிட்டது மோளே என்று சொல்லிவிட்டான். துக்க வீட்டில் ஒரு பொய் கிடந்தால் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

டீச்சர் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"இப்போ நான் என்ன செய்யறது சேச்சி? மரம் மிதக்கும்னு சொன்னா அவ அச்சன் பொய்யன் ஆயிடறார். தாழும்னு சொன்னா நான் எதுக்கு டீச்சர்?"

"ஒண்ணும் செய்யாண்டாம் டீச்சரே. அஞ்சு மாசமா நாங்க எல்லாரும் அதைத்தானே செய்யறோம்."

சொன்ன பிறகு என் வாய்ச்சொல் எனக்கே பிடிக்கவில்லை.

என் வீடு வாய்க்காலுக்கு இந்தக் கரை, அவர்கள் வீடு அந்தக் கரை. நடுவில் இருபது முழம் தண்ணீர். அங்கே அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று எனக்குத் தெரியும், இங்கே நான் யாரைத் திட்டுகிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் அம்பிளி தேங்காய் துருவுகிற பலகையைத் தூக்கிக்கொண்டு படித்துறைக்கு வந்தாள். கயிற்றில் கட்டி வாய்க்காலில் விட்டாள். பிறகு உட்காருகிற மணை வந்தது, தயிர் கடைகிற மத்து வந்தது, ஜன்னல் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற கட்டையும் வந்தது. எல்லாம் வரிசையாகத் தண்ணீரில் மிதந்தன. உலக்கையை இழுக்க முடியாததால் அது தப்பித்தது. பிள்ளை படியில் குந்தி, மரம் குடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இறால் உரிக்கிற கொட்டகையிலிருந்து விரலெல்லாம் வெளுத்து ஊறிப்போய்த் திரும்பிய சுதர்மாவுக்குத் தேங்காய் துருவ வழியில்லை. மகளைத் திட்டிக்கொண்டே ஒரு கயிற்றை இழுத்தாள். வேண்டாம் அம்மே, அது பாதிதான் குடிச்சிருக்கு என்று அம்பிளி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் என்ன செய்கிறாள் என்பது அப்போதுதான் சுதர்மாவுக்குப் புரிந்தது. கயிற்றை மெதுவாக விட்டாள். அன்று மீன்குழம்புக்குத் தேங்காய் என் வீட்டிலிருந்துதான் போயிற்று.

மூன்று நாள் அந்தச் சாமான்கள் தண்ணீரில் கிடந்தன. மணையில் பாசி பிடித்தது. ஒரு நீர்க்காகம் வந்து துருவுபலகையின் இரும்பு நாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிறகு உலர்த்திவிட்டுப் போயிற்று. ஒன்றும் தாழவில்லை. மூன்றாம் நாள் மாலை வாசவன் வயலிலிருந்து வந்து கால் கழுவப் படியில் இறங்கினான். அம்பிளி அவனைப் பார்த்துக் கேட்டது இக்கரையில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அச்சா, மரம் எத்தனை நாள் குடிச்சாத் தாழும்?"

வாசவன் அந்த நாலு சாமானையும் பார்த்தான். பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை. காலைக் கழுவாமலே சேற்றுக் காலோடு வீட்டுக்குள் போய்விட்டான்.

சுதர்மா மறுநாள் காலையில் அக்கரையில் நின்றபடியே என்னிடம் குறை சொன்னாள். அவர் சாப்பிடவில்லை, பிள்ளையும் சாப்பிடவில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் நான் தட்டைக் கழுவிக்கொண்டு இருக்கிறேன் என்றாள். இன்னும் ஒரு மாதத்தில் நெல் அறுக்கிற கொய்த்து வந்துவிடும், கடல் தண்ணீரைத் தடுக்கிற அடைப்பின் ஷட்டரைத் திறந்தால் உப்புத் தண்ணீர் ஏறும், உப்பில் வருகிற புழு பலகையைத் துளைத்துச் சல்லடை ஆக்கிவிடும், அப்புறம் அந்த வள்ளத்தை அடுப்பெரிக்கத்தான் ஆகும் என்றாள். அதற்கு அவள் அழவில்லை. பிறகு சொன்னதற்குத்தான் அழுதாள்.

"என் தம்பி போனதுக்கு நான் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை சேச்சி. சத்தியமா ஒரு வார்த்தை இல்லே."

"சொல்லாததுதாண்டி அவனைப் போட்டு அழுத்துது. ரெண்டு ஏச்சு ஏசியிருந்தா இந்நேரம் எழுந்து உக்காந்திருப்பான்."

சுதர்மா மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு, உங்களுக்கு எல்லாத்துக்கும் ஏச்சுதான் மருந்து என்று என்னையே திட்டினாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்த கையோடு ரோஸ்லின் டீச்சர் வந்து இறங்கினார். கடத்துக்காரன் கையைப் பிடித்து என் படியில் இறக்கிவிட்டபோதுதான் கண்ணைத் திறந்தார். அங்கே போக வேண்டும், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வாருங்கள் என்றார். தண்ணீருக்குப் பயமா, வாசவனுக்குப் பயமா என்று கேட்டேன். இரண்டுக்கும் என்றார். என் சின்ன வள்ளத்தில் உட்கார வைத்து நாலு தள்ளில் அக்கரை சேர்த்தேன்.

வாசவன் முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டான். மகள் கடித்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். டீச்சர் அவனைத் தாண்டி நேரே அம்பிளியிடம் போய் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். நீ சொன்னதை நான் பார்க்காமலே தப்பு என்று போட்டுவிட்டேன், பார்க்காமல் தப்பு போடக்கூடாது, அது என் தப்பு, இப்போது காட்டு என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு டீச்சர் ஒரு பிள்ளையிடம் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அம்பிளி அவர் விரலைப் பிடித்து வாய்க்கால் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாசி மாதத் தண்ணீர், தெளிவாக இருந்தது. அடியில் வள்ளம் நீளமாகக் கிடந்தது. உள்ளே பாசி மெத்தை மாதிரி படர்ந்திருந்தது, அதற்கு மேலே கரிமீன் குஞ்சுகள் போவதும் வருவதுமாக இருந்தன.

"பாருங்க டீச்சரே. அயினி மரம். தாழ்ந்துதானே கிடக்கு."

டீச்சர் பயத்தை விட்டுவிட்டுக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பாசிக்கு அடியில் புடைத்துக்கொண்டிருப்பது என்ன என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் சொல்லவில்லை. நிமிர்ந்து வாசவனைப் பார்த்தார்.

"நான் மலைக்காரி. எனக்குத் தண்ணியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. பிறந்ததிலேருந்து தண்ணியிலே இருக்கறவர் நீங்கதான். நீங்க சொல்லுங்க, அதையே நான் வகுப்பிலே சொல்றேன்."

வாசவன் கையில் மண்வெட்டிப் பிடி இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுதர்மா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அம்பிளி அப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள், அச்சன் சொல்லட்டும், டீச்சருக்கு இப்போது தெரிந்துவிடும் என்கிற தெம்பில். அந்த முகத்தை எதிரே வைத்துக்கொண்டு பேசுவது எந்த மனுஷனுக்கும் லேசு இல்லை. அவன் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். டீச்சர் வாக்குக் கொடுத்துவிட்டார், அவன் பொய் நிலைத்திருக்கும். ஆனால் அவன் மகளுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தான்.

"மரம் தானாத் தாழாது மோளே. அச்சன் கல்லு வச்சேன்."

அம்பிளி புரியாதவள் மாதிரி நின்றாள்.

"எதுக்கு?"

"இல்லேன்னா மேலே வந்துரும். அதைப் பாக்க எனக்குப் பயம்."

"அப்போ குடிச்சுக் குடிச்சுத் தாழ்ந்ததுன்னு சொன்னது?"

"பொய். ஷீபா சொன்னதுதான் நிஜம். அச்சன் பொய் சொல்லிட்டேன்."

பிள்ளை உதடு கோணியது. ஷீபாவைக் கடித்தபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது. அப்பன் தோளில் இரண்டு கையாலும் அடித்தாள். அடித்த கையாலேயே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் ஒன்றும் தடுக்கவில்லை. டீச்சர் என் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கவில்லை, வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சுதர்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கியிருந்தாள். நெஞ்சளவு தண்ணீர். மூச்சைப் பிடித்து முங்கினாள், பாசியோடு ஒரு கல்லை அணைத்துக்கொண்டு எழுந்து கரையில் போட்டாள். மறுபடி முங்கினாள். இரண்டாவது கல். யாரையும் கூப்பிடவில்லை, யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு கல்லோடும் ஏதோ முணுமுணுத்தாள். நாலாவது கல்லுக்குத்தான் எனக்குக் காதில் விழுந்தது. ஏச்சுதான். காத்து வருதுன்னு தெரியாதா, ஒரு போர் வைக்கோலை ரெண்டா ஏத்தினா என்ன, என் தம்பியைக் கொண்டுபோயிட்டு ஊமை மாதிரி உக்காந்திருக்கியே என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஐந்து மாதத்து ஏச்சு. இறால் ஊறிய அந்தக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

வாசவன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டான். பிறகு எழுந்து மெதுவாகப் படியில் இறங்கினான்.

"ஒரு பக்கத்துக் கல்லையே எடுக்காதே. புரண்டுரும். நடுவிலேருந்து எடுக்கணும்."

"அப்போ இறங்கி எடு."

இறங்கினான். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று முங்கி எடுத்தார்கள். டீச்சரும் நானும் கரையில் வாங்கி அடுக்கினோம். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்றது அவருக்கே தெரிந்திருக்காது. அம்பிளி எத்தனை கல் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தேழாவது கல்லைச் சொல்லும்போது எங்கள் யாருக்கும் தெரியாமல் வள்ளத்தின் விளிம்பு தண்ணீருக்கு மேலே வந்து நின்றது. கறுப்பாக, கொழகொழவென்று, சேறு வழிய. அம்பிளி எண்ணுவதை விட்டுவிட்டாள்.

மிச்சத் தண்ணீரை வாசவன் பாளையால் கோரி வெளியே ஊற்றினான். கோரக் கோர வள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. பலகையைத் தட்டிப் பார்த்தான், கெட்டியாக இருந்தது. ஆனால் வள்ளத்துக்குள் காலை மட்டும் வைக்கவில்லை. வெளியே தண்ணீரில் நின்றபடி விளிம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

சுதர்மா அவனைப் பார்த்தாள். விளிம்பில் கை ஊன்றி எம்பி, வள்ளத்துக்குள் ஏறினாள். குறுக்குப் பலகையில், அவள் தம்பி எப்போதும் இருக்கிற இடத்தில், ஈரச் சேலையோடு உட்கார்ந்தாள்.

"நான் உக்காந்தாச்சு. இனிமே இதைத் தாழ்த்தணும்னா என்னையும் சேத்துத் தாழ்த்து."

வாசவன் பாளையை உள்ளே போட்டான். பிறகு அவளுக்கு எதிரே ஏறி உட்கார்ந்தான்.